கலைக்களஞ்சியத்தில் ஒரு கரண்டி

ஜூலை 6, ஞாயிறு

வீடு இருக்கும் மெட்டுகுடாவிலிருந்து ஆட்டோ பிடித்து வகுப்புக்குப் போய் வந்தேன். இணையக் கலைக்களஞ்சியத்தில் தமிழ் மருத்துவக் கட்டுரைகளைத் திருத்தக் கற்றுத் தருகிறார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாமாம். யார் வேண்டுமானாலும்! கேட்டதிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை.

நான் திருத்த வேண்டியது அதில் ஒரே ஒரு வரி. 'வலிப்பு வந்தால் நாக்கைக் கடிக்காமலிருக்க வாயில் கரண்டி வைக்கலாம்.' போன மாதம் என் மகன் யோகேஷுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தபோது, அண்ணி அதைத்தான் செய்தார். என் வீட்டுக்காரருடைய அக்கா விஜயகுமாரி, பக்கத்து வீடு. ஒன்றரை வயதுக் குழந்தை. ஈறு கிழிந்து ரத்தம். டாக்டரே கூடாதென்றார் என்று கத்தினேன். அண்ணி போனை நீட்டி, "நீ சொன்னா ஆச்சா? இதோ போட்டிருக்கு பாரு" என்றார். நான் வேலைக்குப் போனால் குழந்தை அவரிடம்தான். அடுத்த காய்ச்சலில் என்ன செய்வது?

ஜூலை 7

சாப்பாட்டு இடைவேளையில் அந்த வரியைத் தூக்கிவிட்டேன்! 'கரண்டி வைக்கவே கூடாது!!!' என்று போட்டேன். சான்று கேட்ட கட்டத்தில் 'என் மகன்'. அதைவிடப் பெரிய சான்று ஏது?

ஜூலை 7, சாயங்காலம்

போச்சு. கரண்டி திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. குணசேகரன் என்று ஒருவர், பல வருடமாக அங்கே எழுதுகிறவராம், என் வரியை நீக்கிவிட்டார். 'சொந்த அனுபவம் சான்றாகாது. ஆச்சரியக்குறிகளும் வேண்டாம்.' யாருய்யா இந்த ஆளு? என் புள்ள வாயில ரத்தம் வந்தப்ப இவரு பாத்தாரா?

ஜூலை 13, ஞாயிறு

போனாலு அம்மன் திருவிழாக் கூட்டம், ரோடெல்லாம் அடைப்பு. வகுப்பு வீடியோவில். சொல்லித் தருகிற ஹர்ஷாவிடம் பொரிந்து தள்ளினேன். சிரிக்கிறார்!

"ஆன்ட்டி, உங்க வரிக்குச் சான்று இல்ல, கரெக்ட். கரண்டி வரிக்கு மட்டும் இருக்கா?"

பார்த்தேன். இல்லை! ஒன்றுமே இல்லை! நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் குளியலறையிலிருந்து சோப்போடு ஓடி வந்தார்.

ஜூலை 16

மருத்துவ வழிகாட்டுதல்களை ஆங்கிலத்தில் படித்து, அகராதியோடு மல்லுக்கட்டி எழுதினேன். 'வாயில் எதையும் வைக்கக் கூடாது. குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அவசர உதவி தேவை.' சான்று சேர்த்து, உரையாடல் பக்கத்தில் காரணமும் சொன்னேன். ஆச்சரியக்குறி போடவில்லை. கை அரித்தது.

ஜூலை 17

குணசேகரன் எழுதியிருக்கிறார்: 'நல்ல சான்று. நானே கவனித்திருக்க வேண்டும். நன்றி.' நின்றுவிட்டது. என் வரி நின்றேவிட்டது! நல்ல மனுஷன்தான்.

ஜூலை 24, வியாழன்

வேலையில் இருக்கும்போது அண்ணியிடமிருந்து போன். யோகேஷுக்கு மறுபடி வலிப்பு. எப்படி வந்து சேர்ந்தேனோ தெரியாது. அண்ணி மடியில் இருந்தான். வாயைத் திறந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அழுதுவிட்டேன்.

"ஒருக்களிச்சுப் போட்டேன், கடியாரத்தப் பாத்தேன். ரெண்டு நிமிஷத்துல நின்னுடுச்சு. டாக்டர்கிட்டயும் காட்டிட்டேன்" என்றார் அண்ணி.

"கரண்டி?"

"நக்கோ, நக்கோ, வேணவே வேணாம். அதெல்லாம் வைக்கக்கூடாதாம். காலைல உடம்பு சுட்டதுமே போன்ல எடுத்துப் படிச்சேன், மாத்திட்டாங்க. நீயும்தான் கத்தினே, வெவரமா சொன்னியா? யாரோ நல்லாப் படிச்சவங்க எழுதியிருக்காங்க. எவ்ளோ பொறுமையா!"

"ஆமாங்க அண்ணி" என்று குழந்தையை வாங்கிக்கொண்டேன்.