வெள்ளை விளக்கு எரிந்த பெட்டி

ரூசே,
செப்டம்பர் 24, வியாழன்

என் செல்ல மகள் நெவெனாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் இங்கே நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுதினால் அதில் பாதி பொய்யாகிவிடும், எந்தப் பாதி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ நலமா என்று கேட்கிற தகுதி இப்போது எனக்கு இருக்கிறதோ இல்லையோ, கேட்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூக்கம் வருகிறதா. இங்கே குடைமிளகாய் சுடுகிற காலம் வந்துவிட்டது, நம் கட்டடத்தில் ஒரு பால்கனி பாக்கியில்லை, புகை மெதுவாக ஆற்றுப் பக்கம் போய் அங்கேயே கொஞ்ச நேரம் யோசித்து நின்றுவிட்டுக் கலைகிறது, அக்கரையில் ருமேனியாக்காரர்களும் இதே வேலையாக இருக்கிறார்கள் போலிருக்கிறது, பகல் மூன்று மணிக்கு டான்யூபைப் பார்த்தால் எது தண்ணீர் எது புகை எது வானம் என்று பிரிக்க முடியவில்லை. அம்மா இதுவரை நாற்பது பாட்டில் அடைத்துவிட்டாள். உனக்கென்று எட்டு பாட்டில் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள், எப்படி அனுப்புவது என்று கேட்டால் முறைக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது ஏதோ சொன்னாய், நான் "நல்லது, ரொம்ப நல்லது" என்றேன், நீ அப்படியே வைத்துவிட்டாய், அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. அப்படி நான் ஏன் சொன்னேன் என்று நீ என்ன நினைத்திருப்பாய் என்பது எனக்கு முந்தாநாள்தான் தெரிய வந்தது. நீ நினைத்தது இல்லை, கண்ணு. கடைசி வரை படி, நடுவில் கோபம் வந்தால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வந்து படி.

போன குளிர்காலத்திலிருந்தே உன் குரல் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் வந்துகொண்டிருந்தது. குரல் வரும், சொல் வராது. பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது சுவர் வழியாகக் கேட்குமே, சந்தோஷமாகப் பேசுகிறார்களா சண்டையா என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது, அந்த மாதிரி. நான் கம்ப்யூட்டரைத்தான் சந்தேகப்பட்டேன், மாப்பிள்ளை கலோயன் வாங்கி வைத்துவிட்டுப் போன அந்தக் குட்டி ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன், கனடாவில் உன் வீட்டு இணையத்தைச் சந்தேகப்பட்டேன், கப்பல் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் இரும்புத் தகட்டில் சுத்தியல் அடிக்கிற இடத்தில் நின்றவன் காதை மட்டும் சந்தேகப்படவில்லை. அதனால்தான் அந்த இணைய மன்றத்தில் சேர்ந்தேன், கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்பதற்கு எந்தச் சாமான் நல்லது என்று நாடு முழுக்க உள்ள பைத்தியங்கள் எழுதிக்கொள்கிற இடம், அங்கே எனக்குப் படகுத்துறை என்று பெயர். ஒரே ஒரு கேள்வி கேட்டேன், நல்ல ஹெட்போனும் அதற்கு ஒரு பெட்டியும் வேண்டும், எது வாங்கலாம் என்று. நூற்றுப் பன்னிரண்டு பதில் வந்தது. அதில் என் கேள்விக்கு மூன்று, மிச்சமெல்லாம் அவர்களுக்குள் சண்டை. அங்கே இரண்டு கட்சி, ஒன்று காதை நம்புகிற கட்சி, இன்னொன்று கருவி வைத்து அளக்கிற கட்சி. காதுக் கட்சிக்காரர்கள் கம்பியை மாற்றினால் பாட்டுக்குள் வெளிச்சம் வருகிறது என்பார்கள், அளக்கிறவர்கள் வரைபடத்தைப் போட்டு "எங்க வெளிச்சம், கொஞ்சம் காட்டுங்க சாமி" என்பார்கள். அளவுகோல் என்று ஒருவர், சோஃபியாக்காரர், யாராவது ஒரு பெட்டியைப் புகழ்ந்தால் போதும், "கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்லுங்க பாப்போம்" என்று வந்து நிற்பார். எனக்கு அந்தச் சண்டை பிடித்துப் போயிற்று. ஒருவர்தான் பொறுமையாக, எதைக் கேட்பதற்கு வேண்டும் ஐயா என்று கேட்டார். தூரதேசத்தில் இருக்கிற மகள் பேசுவது புரியவேண்டும் என்று எழுத வெட்கமாக இருந்தது, சேர்ந்திசைப் பாடல்கள் என்று எழுதிவிட்டேன். உண்மையை எழுதியிருந்தால் அன்றைக்கே யாராவது என்னை டாக்டரிடம் விரட்டியிருப்பார்கள்.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது புதுப் பெட்டி வாங்கினால் அதைச் சுற்றுக்கு விடுவார்கள், ஊர் ஊராகப் போகும், ஒவ்வொருவரும் பத்து நாள் வைத்துக் கேட்டுவிட்டு மன்றத்தில் விமர்சனம் எழுதி அடுத்தவருக்கு அனுப்பவேண்டும். பெட்டியோடு ஒரு நோட்டும் வரும், அதில் மையால் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். கம்ப்யூட்டருக்குள் வெறும் எண்களாகக் கிடக்கிற பாட்டை ஒலியாக மாற்றித் தருகிற பெட்டி அது, சோப்புப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. என் முறை ஒன்பதாவது. ஏப்ரலில் பெயர் கொடுத்தேன், செப்டம்பரில் வந்தது, நீ கடைசியாகக் கூப்பிட்ட மூன்றாம் நாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ உன் முகத்தைக் காட்டவில்லை. இணையம் மெதுவாக இருக்கிறது என்றோ என்னவோ சொல்லிவிட்டுப் படத்தை அணைத்துவிட்டாய். உன் உதட்டைப் பார்த்துத்தான் இத்தனை நாள் பாதியைப் புரிந்துகொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரியாது. கறுப்புத் திரையிலிருந்து உன் குரல் மட்டும் வந்தது, மெதுவாக, ரொம்ப நேரம், நீ சின்னப் பிள்ளையில் தூக்கத்தில் பேசுவாயே, அப்படி. அமைதியாகப் பேசுகிறாள், நல்ல செய்தியாகத்தான் இருக்கும், வேலையில் ஏதோ உயர்வு என்று நானாக முடிவு செய்தேன். அம்மா தோட்டத்து வேலையிலிருந்து இன்னும் வரவில்லை, கேட்க ஆளில்லை. நீ நிறுத்தினாய். நான் சிரித்துக்கொண்டே நல்லது, ரொம்ப நல்லது என்றேன்.

பெட்டி வந்ததும் பூஜைப் பொருள் மாதிரி மேசையைத் துடைத்து வைத்தேன். பின்னால் இரண்டு வழி இருந்தது, ஒன்று யூஎஸ்பி, இன்னொன்று பழைய மாதிரி குத்துகிற ஒயர். இரண்டையும் மாட்டினேன், எதையும் விட்டுவிடக் கூடாது என்று. ஞாயிறு நீ கூப்பிடுவாய், இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாகக் கேட்கப்போகிறேன் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாலு மணிக்கே உட்கார்ந்தேன். நீ கூப்பிடவில்லை. சும்மா இருப்பானேன் என்று பாட்டுப் போட்டேன், அப்புறம் தினமும் மத்தியானம் அதுவே வேலையாகிவிட்டது. நெவெனா, அந்த மத்தியானங்களை எப்படிச் சொல்வேன். ஜன்னலுக்கு வெளியே ஆறு, புகை, மணல் ஏற்றிய படகு ஒன்று அசைவதே தெரியாமல் நகரும், காதுக்குள் நாற்பது பெண்கள் மலைமேல் நின்று பாடுவார்கள், பாட்டு முடிந்த பிறகும் நான் எழுந்திருக்க மாட்டேன். தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியாது. ஒருநாள் அந்தப் படகின் கூரையில் நீ பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், கையை ஆட்டி ஏதோ சொன்னாய், நானும் கையை ஆட்டினேன்.

அந்த மயக்கத்திலேயே விமர்சனம் எழுதினேன், எட்டுப் பத்தி. முகத்திரை விலகினாற்போல் இருக்கிறது என்று எழுதினேன், எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள், அது இல்லாத விமர்சனம் அங்கே கிடையாது. மூன்றாவது வரிசையில் இடது ஓரத்தில் நிற்கிற பெண் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது என்றும் எழுதினேன், கடவுள் என்னை மன்னிக்கட்டும், கேட்டது என்றுதான் நினைத்தேன். அறுபது பேர் பாராட்டினார்கள். அந்தப் பெருமையில் மேசையைப் படம் எடுத்துப் போட்டேன், பெட்டி, ஹெட்போன், பக்கத்தில் அம்மாவின் மிளகாய் பாட்டில் எல்லாம் தெரிகிற மாதிரி. கால் மணி நேரத்தில் அளவுகோல் வந்துவிட்டார். "படகுத்துறை அண்ணே, விளக்கு வெள்ளையா எரியுதே" என்று ஒரு வரி. எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆமாம், அழகாக இருக்கிறதல்லவா என்று பதில் போட்டேன். அப்புறம்தான் சொன்னார்கள், யூஎஸ்பி வழியாக வந்தால் விளக்கு நீலமாக எரியும், வெள்ளை எரிந்தால் அது பழைய ஒயர், அந்த வழியில் பெட்டி எதையும் மாற்றுவதில்லை, வந்த சத்தத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி அனுப்பிவிடும், அவ்வளவுதான். ஆக நான் பத்து நாளும் கேட்டது என் பழைய கம்ப்யூட்டரையேதான். அதற்குத்தான் எட்டுப் பத்தி. "அண்ணே, மூணாவது வரிசைப் பொண்ணு இப்பவாவது மூச்சு விடுதா"ன்னு ஒருத்தன், "பெட்டிய இங்க அனுப்பிடுங்க, மிளகாய் பாட்டில்தான் நல்லா பாடுதுபோல"ன்னு இன்னொருத்தன். இரண்டு நாள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை.

சுற்றில் எனக்கு அடுத்தவர் வர்னாவில் இருக்கிற ஒரு அம்மாள், உப்புக்காற்று என்று பெயர் வைத்திருக்கிறார். தனியாகக் கடிதம் போட்டார். "இதுக்கெல்லாம் மனசு ஒடையாதீங்க, நான் ஒரு மாசம் இடதையும் வலதையும் மாத்தி மாட்டிக்கிட்டு அந்த ஹெட்போன திட்டித் திட்டி எழுதினவ" என்று ஆரம்பித்து, கடைசியில் மெதுவாகக் கேட்டிருந்தார், "தப்பா நெனைக்காதீங்க, காத எப்பவாவது சோதிச்சுப் பாத்திருக்கீங்களா?" கூடவே ஒரு கோப்பு. கீழேயிருந்து மேலே ஏறிக்கொண்டே போகிற ஒரே ஒரு விசில் சத்தம், எங்கே நின்றுபோகிறதோ அங்கே திரையில் தெரிகிற எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும். போட்டேன். முதலில் பசு மாதிரி, அப்புறம் புல்லாங்குழல் மாதிரி ஏறியது, ஏறி, திடீரென்று இல்லை. திரையில் கோடு தன்பாட்டுக்கு மேலே போய்க்கொண்டே இருக்கிறது, சத்தம் பாதி வழிகூட வரவில்லை. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அம்மாவைக் கூப்பிட்டேன், மிளகாய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வேண்டா வெறுப்பாக மாட்டிக்கொண்டாள். அடுத்த நொடி பிடுங்கி எறிந்தாள். "என்னங்க இது, காதுக்குள்ள ஊசி எறக்குற மாதிரி கத்துது, இத வச்சுக்கிட்டா சும்மா உக்காந்திருக்கீங்க?" என்றாள். நான் மறுபடி மாட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. உள்ளே பனி பெய்கிற மாதிரி ஒரு அமைதி, சொல்லப்போனால் இதமாகக்கூட இருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த இரண்டு வாரமாக அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை, தட்டை வைப்பாள், போய்விடுவாள், இந்தப் பெட்டிக் கூத்துப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். அப்போது கேட்டாள், "அன்னைக்கு அவ சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா, இல்லையா?" கேட்கவில்லை மில்கா, என்றேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் இரண்டு காதையும் கையால் பிடித்துக்கொண்டு அழுதாள், கையிலிருந்த மிளகாய்ப் புகை வாடையில் எனக்கும் கண் எரிந்தது. அப்புறம், நீ அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதையெல்லாம் சொன்னாள். கலோயனும் நீயும் பிரிந்துவிட்டீர்கள் என்று. ஆகஸ்டிலேயே அவன் வீட்டை விட்டுப் போய்விட்டான் என்று. அதை என்னிடம் சொன்னபோது நான் ரொம்ப நல்லது என்று சிரித்தேன் என்று.

உன்மேல் தப்பில்லை. நான் கலோயனைப் பற்றிக் கல்யாணத்தன்றே முணுமுணுத்தவன், அவன் சிரிப்பு பிடிக்கவில்லை என்றேன், சூப்பைக் குடிக்காமல் வைக்கிறான் என்றேன், ஏழு வருஷமாக ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அப்படிப்பட்டவன் நல்லது என்றால் நீ வேறென்ன நினைப்பாய். ஆனால் கேள், எனக்குச் சந்தோஷம் இல்லை. துளியும் இல்லை. அவனைப் பிடிக்காதது என்னுடைய அற்பத்தனம், அவனோடு நீ வாழ்ந்தது உன் வாழ்க்கை, அது உடைந்தால் எனக்கு வலிக்கும், வலிக்கிறது. நீ அழுதுகொண்டு சொல்லியிருக்கிறாய், அதற்காகத்தான் படத்தை அணைத்திருக்கிறாய், அப்பா பார்க்கக் கூடாது என்று. நான் பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை. அதை நினைத்தால் எழுந்து எங்கேயாவது போய்விடலாம் போலிருக்கிறது.

இனி நடக்கவேண்டியது. வீட்டுக்கு வரவேண்டும் என்று தோன்றினால் வா, உன் அறையில் அம்மா பாட்டில்களை அடுக்கியிருக்கிறாள், ஒரு மணி நேரத்தில் காலி செய்துவிடலாம். அங்கேயே இருப்பதுதான் நல்லது என்றால் இரு, அம்மா அங்கே வந்து ஒரு மாதம் இருக்கட்டும், விசா வேலையை ஆரம்பித்துவிட்டாள். ராத்திரி வெறும் ரொட்டியோடு படுக்காதே. தனியாக இருக்கிறோம் என்று கதவைப் பூட்டாமல் தூங்கிவிடாதே. கலோயன் ஏதாவது பொருள் எடுக்க வந்தால் சண்டை போடாதே, கொடுத்து அனுப்பு. எனக்கு வரும் செவ்வாய்க்கிழமை காது டாக்டர், கருவி மாட்டவேண்டியிருக்கும் என்று உப்புக்காற்று அம்மாள் சொல்கிறார், மன்றத்தில் அதற்கும் தனிப் பகுதி இருக்கிறதாம், அங்கேயும் இரண்டு கட்சியாம். பெட்டியை நேற்று வர்னாவுக்கு அனுப்பிவிட்டேன். நோட்டில், எனக்கு முன்னால் எட்டுப் பேர் இசையைப் பற்றி எழுதியிருந்தார்கள், நான் "இதை என் மகள் பேசுவதைக் கேட்கத்தான் கேட்டு வாங்கினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், உன் கால் எங்கே நடந்தாலும் தரை உறுதியாக இருக்கட்டும். கடிதம் கிடைத்ததும் வருகிற முதல் ஞாயிறு நாலு மணிக்குக் கூப்பிடு, மறக்காதே. அழுதாலும் பரவாயில்லை, முகத்தைக் காட்டிக்கொண்டு பேசு. அன்றைக்குச் சொன்னதை எனக்கு முதலிலிருந்து சொல். எனக்குப் புரியாத இடத்தில் புரியவில்லை, திரும்பச் சொல் என்பேன், எத்தனை தடவை ஆனாலும் என்பேன், நீ சலித்துக்கொள்ளாமல் சொல்லவேண்டும்.

உன் அப்பா,
ஸ்பாஸ்