கேசட்டுகளைப் புதிதாக மாற்றும் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இந்த வயதுக்கு இருக்க வேண்டிய மாதிரி இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ரொம்பச் சண்டை போடாமல் இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். தினம் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டதும் உன் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அதற்கப்புறம் நான் இருமினால்கூட அது பொதுச்செய்தி ஆகிவிடுகிறது. இது உனக்கு மட்டும் சொல்ல வேண்டியது, அதனால் தபாலில் வருகிறது. பாதியில் பதறாதே, முழுதும் படித்துவிட்டு வேண்டுமானால் பதறு.

போன வாரம் அப்பா வாசல் வரை போன ஒரு நிமிஷத்துக்குள் நீ இரண்டு கேள்வி கேட்டாய். ஸ்டுடியோக்காரர் சொல்கிறபடி நம் வீட்டு வீடியோ கேசட்டுகளை இருப்பதிலேயே உயர்ந்த தரத்துக்கு மாற்றிவிடலாமா, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது ஒன்று. வீடியோவில் பேசும்போது அப்பா ஏன் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசுகிறார், அவர் கேசட்டை மாற்றக் கேட்டபோது நான் யோசித்துச் சொல்கிறேன் என்றதில் கோபமா என்பது இன்னொன்று. கோபம் இல்லை. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் நான் சுற்றி வளைத்துத்தான் அங்கே வருவேன், பொறுத்துக்கொள்.

நம் கேசட்டுகள் எப்படிப்பட்டவை என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் ஒரு தரம் நினைத்துப்பார். உன் அப்பா கட்டட சூப்பர்வைசர், வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் அவரைத் தூக்குக்குண்டு என்றுதான் சொல்வார்கள், குண்டு தொங்குகிற நூலுக்குச் சுவர் இம்மி பிசகினாலும் இடிக்கச் சொல்லிவிடுவார். அந்த மனுஷன் கையில் கேமரா கிடைத்தால் என்ன ஆகும், அதுதான் ஆனது. உன் பிறந்தநாள் கேசட்டில் நீ கேக் வெட்டுவது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், அப்புறம் மீதி முழுக்க நம் மாடிப்படிக்கு கான்கிரீட் போட சென்ட்ரிங் பலகை அடிப்பது. உன் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் நீ சாக்கு ஓட்டத்தில் விழுந்து எழுந்து ஓடுகிறாய், பின்னணியில் பள்ளிக்கூடக் காம்பவுண்டு சுவரில் வெடிப்பு இருப்பதை அவர் விளக்குகிறார். எல்லாவற்றிலும் ஒரே குரல்தான், நடுவுல வா, இன்னும் நடுவுல வா, ஏன் ஓரமா நிக்கிற என்று. தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு அதன்மேல் உன்னை நிற்கவைத்தவர். உன் சித்தப்பாவை நேராக நிற்கவைக்கப் பக்கத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்ததும் ஒரு கேசட்டில் இருக்கிறது, சித்தப்பாதான் சாய்ந்திருந்தார். நான் எந்தக் கேசட்டிலும் நடுவில் இல்லை. வாளியோடு, துணிக்கூடையோடு, உன் செருப்போடு, ஓரத்தில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருப்பேன், குறுக்க வராதடி என்று குரல் மட்டும் வரும்.

இப்படிப்பட்ட பொக்கிஷத்தை ஏற்கெனவே ஒரு தடவை டிவிடியாக மாற்றி அலமாரியின் மேல்தட்டில் அடுக்கி வைத்தார். மழைக்காலம் முடிந்து ஒரு நாள் சாயங்காலம் அந்த விளையாட்டு விழாவைப் போட்டுப் பார்த்தவர், படம் கெட்டுப்போச்சு என்றார். எங்கே கெட்டது, உன் விழுந்த பல்லின் சந்துகூட எனக்குத் தெரிகிறது. இல்லை, பாப்பா மூஞ்சி மட்டும் அழிஞ்சுபோன மாதிரி இருக்கு என்றார். டிவிடிதான் மட்டம் என்று முடிவுகட்டி பழைய கேசட்டையே எடுத்தார், பழைய டெக்கைத் துடைத்து, மூச்சுத் திணறுகிற அந்தப் பெட்டியை ஒருவழியாக ஓடவைத்துப் பார்த்தால் அதிலும் அப்படியேதான் என்றார். புதுசாய் ஏதாவது வாங்க வேண்டும் என்றால் பழசின் மேல் பழி போடுவது அவர் வழக்கம், அதனால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேசட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போனோம். அவர் அதைப் புது முறையில் மாற்றி, பெரிய கம்ப்யூட்டர் திரையில் போட்டுக் காட்டினார். அவருக்குத் தெளிவாக இருக்கிறது, எனக்குத் தெளிவாக இருக்கிறது, உன் அப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, நடுவுல இருக்கிறதெல்லாம் கலங்கிப்போச்சு, ஓரத்துல இவ வாளியோட போறது மட்டும் பளிச்சுனு இருக்கு, இது என்ன நியாயம் என்று கேட்டார். ஸ்டுடியோக்காரர் என்னைப் பார்த்தார். நான் எந்தச் சிபாரிசும் செய்யவில்லை என்று சொன்னேன். அவர் உடனே, இதைவிட உயர்ந்த தரம் ஒன்று இருக்கு சார், அதுல முகத்துல ஒவ்வொரு முடியும் எண்ணி எடுக்கிற மாதிரி வரும் என்றார். உன் அப்பா உனக்கு போன் போட்டது அன்றைக்குத்தான்.

உயர்ந்த தரத்துக்கு இந்த டிவி போதாது என்று புது டிவியும் வந்தது. அதைச் சுவரில் மாட்டின மறுநாள், டிவி வளைஞ்சிருக்கு என்றார். மேல் விளிம்பு நடுவில் புடைத்திருக்கிறதாம். கடையிலிருந்து ஒரு பையன் வந்து பார்த்து, சரியாத்தானே சார் இருக்கு என்றான். இவர் விடுவாரா, மட்டம் பார்க்க முப்பது வருஷம் கையோடு கொண்டுபோன ரசமட்டத்தை எடுத்துவந்து டிவி மேல் வைத்து, நீயே பாருப்பா என்றார். அவன் பார்த்தான், குமிழி நட்டநடுவில் நிற்கிறது என்றான். நானும் பார்த்தேன், நட்டநடுவில்தான் நின்றது. உன் அப்பா ரசமட்டத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், ரசமட்டம் கெட்டுப்போச்சு என்றார்.

பாப்பா, எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். உன் அப்பா என்னை நம்பாமல் இருந்திருக்கிறார், டாக்டரை நம்பாமல் இருந்திருக்கிறார், கூடப்பிறந்த தம்பி சொன்னதைப் பாதிக்கு மேல் நம்பினதே இல்லை, ஆனால் ரசமட்டத்தை நம்பாமல் இருந்து நான் பார்த்ததில்லை. கேசட்டுக்குக் கோளாறு இல்லை, டிவிக்குக் கோளாறு இல்லை என்று எனக்கு உறைத்துவிட்டது. அடுத்த நாள் என் கண்ணாடி மாற்ற வேண்டும், துணைக்கு வாருங்கள் என்று பொய் சொல்லி கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், அங்கே போனதும் முதலில் அவரை உட்காரவைத்துவிட்டேன். டாக்டர் கட்டம் போட்ட ஒரு அட்டையைக் கொடுத்து ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னார். கோடெல்லாம் கோணலா போட்டிருக்கே, யார் வரைஞ்சது என்று உன் அப்பா கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டதாம். வலது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது, அது திரும்பாது. இடது கண்ணிலும் அந்தத் தேய்மானம் பாதிக்குமேல் வந்துவிட்டது, ஊசி போட்டால் இருப்பதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கலாம் என்றார், முதல் ஊசி போட்டாயிற்று, கண்ணில் ஊசியா என்று நீ முகத்தைச் சுளிக்காதே, அவர் சுளிக்கவில்லை. ஓரப்பார்வைக்கு ஒன்றும் ஆகாதாம். நேரே பார்த்தால் எதிரில் இருக்கிறவர் முகம் மட்டும் அழிந்துபோகும், கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தெரியும். அதனால்தான் உன்னோடு பேசும்போது சுவரைப் பார்க்கிறார். உன்னைப் பார்ப்பதற்குத்தான் பார்க்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ரசமட்டத்தை எடுத்து டிவி மேல் வைத்து, குமிழி எங்க நிக்குது என்று என்னைக் கேட்டார். நடுவுல என்றேன். சரியா பார்த்துச் சொல்லு என்றார். நடுவுலதாங்க நிக்குது என்றேன். அப்ப டிவி சரிதான் என்று சொல்லிவிட்டு, கடைக்கு போன் போட்டு அந்தப் பையனைக் கூப்பிட்டு, தம்பி, உங்க டிவி நேராத்தான் இருக்கு, உன்னை வீணா அலைய வெச்சுட்டேன், மனசுல வெச்சுக்காத என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போனேன், அடுப்பில் பால் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

அத்தோடு இந்தக் கேசட் பேச்சு ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன். ஓயவில்லை, இப்போதுதான் ஒற்றைக்காலில் நிற்கிறார். எடது கண்ணு நிக்கிறவரைக்கும் பெருசா போட்டுப் பார்த்துடணும் என்கிறார், கண் விஷயத்தை மட்டும் உன்னிடம் மூச்சு விடக் கூடாதாம், அவ வேலையைப் போட்டுட்டு ஓடிவந்துடுவா என்று. இந்த நிலைமையில்தான் ஸ்டுடியோக்காரர் மாதிரிக்கு ஒரு கேசட்டை மட்டும் அந்த உயர்ந்த தரத்தில் செய்து கொடுத்தார். போட்டுப் பார்த்தோம். படம் நிஜமாகவே பிரமாதம், நீ ஓடும்போது பறக்கிற மண் தெரிகிறது. ஆனால் ஒரே அமைதி, பின்னால் யாரோ புல்லாங்குழல் ஊதுகிறார்கள். அப்பா குரல் எங்கே என்று கேட்டால், தேவையில்லாத சத்தத்தையெல்லாம் எடுத்துட்டோம்மா, குடும்பப் படமா நீட்டா இருக்கும் என்றார். கேமராவுக்குப் பின்னால் நின்று கத்துகிறவர் தேவையில்லாத சத்தமாம். நான் இத்தனை வருஷமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன், இருந்தாலும் அடுத்தவர் சொன்னால் பொறுக்கவில்லை. புல்லாங்குழலை எடுத்துட்டு எங்க வீட்டுக்காரரைத் திருப்பி வைங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே உன் முதல் கேள்விக்கு என் முடிவு இது. எல்லாக் கேசட்டையும் மாற்றிவிடு, படத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ ஆக்கட்டும், ஆனால் ஒரு சத்தத்தையும் தொடக் கூடாது, நடுவுல வா, குறுக்க வராத, சுவர் வெடிப்பு, எல்லாம் இருந்தபடி இருக்க வேண்டும், இதை நீயே ஸ்டுடியோக்காரருக்குக் கறாராகச் சொல்லிவிடு, நான் சொன்னால் தலையாட்டிவிட்டு மறுபடி எதையாவது ஊதவைப்பார். படிக்கட்டு சென்ட்ரிங்கையும் வெட்ட வேண்டாம். இப்போதெல்லாம் சாயங்காலம் பழைய டிவிடியைப் போட்டுவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்து என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பாப்பா மஞ்சள் சட்டையில வர்றா என்றால், அது மஞ்சள் இல்ல, எலுமிச்சைக் கலர், துவைச்சுத் துவைச்சு நீதான் மங்கடிச்ச என்று திருத்துகிறார். அவருக்கு எல்லாம் மனப்பாடம், சும்மா என்னைப் பேசவைத்துக் கேட்கிறார். நேற்று திடீரென்று, எல்லாக் கேசட்டுலயும் நீ மட்டும்தான் தெளிவா இருக்க, நான் உன்னை எடுக்கவே இல்லையே, எப்படி இத்தனை தடவை வந்திருக்க என்றார். வீட்டு வேலையை யார் பார்ப்பது என்று கேட்டேன். எனக்கு மனசு நிறைந்துவிட்டது, ஆனால் அப்படித்தான் கேட்டேன்.

உடனே டிக்கெட் எடுக்காதே, லீவு விடும்போது வழக்கம்போல வா, வந்து எதுவும் தெரியாத மாதிரி இரு, அவரே ஒரு நாள் சொல்லுவார், அன்றைக்கு முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டுக்கொள். நான் இதை அவர் எதிரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். யாருக்கு என்றார், பாப்பாவுக்கு, கேசட் விஷயமா என்றேன், பொய் இல்லையே. முன்பெல்லாம் என் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு அடியில் ஸ்கேல் வைத்த மாதிரி இரண்டு வரி எழுதுவார். பேனாவை நீட்டினேன். கை நடுங்குது, நீயே சேர்த்து எழுதிடு என்றார். கை நடுங்கவில்லை, டம்ளரில் தளும்பத் தளும்ப இருந்த டீயை ஒரு சொட்டுச் சிந்தாமல்தான் எடுத்துக் குடித்தார்.

நீயும் மாப்பிள்ளையும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் சேர்ந்து வாழ வேண்டும், நினைத்ததெல்லாம் கைகூட வேண்டும், இது என் ஆசி, அப்பாவின் ஆசியும் இதேதான், அவர் வாயால் கேட்டுத்தான் எழுதினேன். மறக்காமல் ஒன்று செய். இனி போனில் இல்லாமல் புது டிவியில் உன்னை வரவைக்கச் சித்தப்பா ஏதோ இணைத்துக் கொடுத்திருக்கிறார், படம் ஆள் உயரத்துக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது கேமராவுக்கு நேரே உட்காராதே, இடது பக்கமோ வலது பக்கமோ நன்றாகத் தள்ளி ஓரத்தில் உட்கார். அவர் திரையின் நடுவை நேரே பார்ப்பார். அப்புறம், ஏன் ஓரமா உக்காந்திருக்க, நடுவுல வா என்பார். அப்படிச் சொன்னால் உன் முகம் அவருக்குத் தெரிகிறது என்று அர்த்தம். அவர் எவ்வளவு கத்தினாலும் நடுவில் வராதே.

இப்படிக்கு,
எல்லாக் கேசட்டிலும் ஓரத்தில் போகிற
உன் அம்மா