இனி டாக்டரம்மா வேண்டாம்

கிள்ளான்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்த பிறகு.

அன்புள்ள அப்பாவுக்கு,

பிந்துலு வெயிலிலும் வெல்டிங் புகையிலும் ஆண்டவர் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். இங்கே நாங்கள் எல்லாரும் சுகம். அம்மா கறிவேப்பிலைத் தொட்டியை மறுபடியும் பால்கனி விளிம்பில் வைத்துக் கீழ்வீட்டு அக்காவிடம் திட்டு வாங்கினார். தம்பி பிராண்டன் ஃபுட்சால் ஆடிக் காலைச் சுளுக்கிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே மைலோ கேட்கிறான்.

வாரா வாரம் போனில் பேசுகிறவள், லீவு முடிந்து அங்கே வேலைக்குத் திரும்பும் லோகன் அங்கிள் கையில் ஏன் கடிதம் கொடுத்தனுப்புகிறாள் என்று பயந்திருப்பீர்கள். வேறு வழி தெரியவில்லை அப்பா. நான் போனை எடுத்ததுமே, "என்ன டாக்டரம்மா, சாப்பிட்டீங்களா?" என்கிறீர்கள். பெற்ற மகளுக்கு இவ்வளவு மரியாதை. அதைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நான் இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து மாறப் போகிறேன். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கல்லூரியில் தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. நாமெல்லாம் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறோமே, அந்த வேலைக்குத்தான். இந்த வரியோடு நிறுத்திவிட்டு லோகன் அங்கிளிடம் போய்க் கத்தாதீர்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. மீதியையும் படியுங்கள்.

கல்விக் கண்காட்சியில் டை கட்டிய ஒரு பையன் நம்மை உட்கார வைத்துக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தானே, நினைவிருக்கிறதா? "பயோமெடிக்கும் சேம் லா அங்கிள், பின்னாடி மெடிக்குக்கு ஜம்ப் பண்ணிக்கலாம்" என்றான். 'மெடிக்' என்றால் டாக்டர் படிப்பு, அந்த ஒரு சொல்லே உங்களுக்குப் போதுமாக இருந்தது. எனக்கும்தான். அங்கேயே பயோமெடிக்கில் பெயர் கொடுத்துவிட்டோம். அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிவில், மாரிஸ் மகள் டாக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கோயிலே கை தட்டியது. நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அதைப் பார்த்த பிறகு யாருக்கு எதைத் திருத்த மனம் வரும்?

படிப்பு எப்படி என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் நல்லா போகுது என்றேன். போகவில்லை. கீழே பபுள் டீ கடை, மேலே எங்கள் பல்கலைக்கழகம். லிஃப்ட் மட்டும் பளபளவென்று இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் ஒரு தடவை கண் வைக்க வரிசையில் நிற்க வேண்டும். பாடம் நடத்த வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வேலையை விட்டுப் போனார்கள். இப்போது வருகிறவர் திரையில் இருப்பதை அப்படியே வாசிக்கிறார். வாசிக்க எனக்கும் தெரியும். மருத்துவமனைப் பயிற்சி என்றார்கள். பஸ்ஸில் கூட்டிப்போய், வரவேற்பறையில் நிறுத்திப் படம் எடுத்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். வெள்ளைக் கோட்டோடு நான் சிரிக்கிற அந்தப் படத்தைத்தான் நீங்கள் போன் முகப்பில் வைத்திருக்கிறீர்கள்.

மெடிக்குக்கு எப்போது மாறலாம் என்று அலுவலகத்தில் கேட்டேன். அங்கிருந்த அக்கா முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யார் சொன்னா தங்கச்சி? அது வேற, இது வேற லா" என்றார். பிரிக்பீல்ட்ஸ் அறைக்கு எப்படி நடந்து வந்தேன் என்றே தெரியவில்லை. என்னோடு தங்கியிருக்கும் ரமணி, வந்தது வந்துவிட்டோம், முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்திருப்பேன். பவுனம்மாள் ஆன்டி வராமல் இருந்திருந்தால்.

எதிர்வீட்டு ஆன்டிக்குச் சுகர் ஏறி மருத்துவமனையில் சேர்த்ததாக அம்மா உங்களிடம் சொல்லியிருப்பார். எதனால் என்று சொல்லியிருக்க மாட்டார். "நம்ம டாக்டரம்மா சனிக்கிழமை வருவா, ரிப்போட்டை காட்டுங்க" என்று போனில் நீங்கள் ஆன்டியிடம் சொன்னீர்களாம். நான் கொமுட்டர் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் ஆன்டி இரத்தப் பரிசோதனைத் தாளோடு காத்திருந்தார். நான் டாக்டர் இல்லை என்றேன். பாப்பாவுக்கு எவ்வளவு அடக்கம் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். தாளைப் பார்த்தேன். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. வயதானவரைப் பயமுறுத்த வேண்டாம் என்று, "ஓகே லா ஆன்டி, எதுக்கும் கிளினிக்ல காட்டுங்க" என்றேன்.

நம் ஊர் 'ஓகே லா' உங்களுக்குத் தெரியாததா? நன்றாக இருந்தால் ஓகே என்போம். சுமார்தான், இப்போதைக்கு விடு என்றால் ஓகே லா. ஆனால் டாக்டர் வாயிலிருந்து வந்தால் அதற்கு அந்த அர்த்தம் இல்லை போலிருக்கிறது. டாக்டர் பாப்பாவே ஓகே சொல்லிவிட்டாள் என்று ஆன்டி தினமும் போடும் சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டார். பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார்.

இப்போது நன்றாக இருக்கிறார், கவலைப்படாதீர்கள். ஆனால் நான் பார்க்கப் போனபோது என்னைத் திட்டவே இல்லை அப்பா. பக்கத்துக் கட்டில்காரரிடம், "எங்க டாக்டர் பாப்பா வந்திருக்கு" என்று பெருமையாகச் சொன்னார். வெளியே வந்து நடைபாதையில் நின்று அழுதேன். அந்தப் பெயரை இனி ஒரு நாள்கூடச் சுமக்க முடியாது என்று அங்கேதான் தோன்றியது.

ஆன்டியைப் பார்க்கப் போன நாள்களில் அந்த வார்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மிஸ்ஸி ஒருவருக்குக் கஞ்சி ஊட்டுகிறார், இன்னொருவரை அதட்டி மாத்திரை விழுங்க வைக்கிறார், ஓடுகிறார், திரும்ப வருகிறார். எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. டாக்டர் கிடைக்கவில்லை என்று இதற்குப் போகவில்லை. நம்புங்கள்.

ஒரு வருடம் வீணாய்ப் போனதுதான் நெஞ்சை அறுக்கிறது. படித்ததில் ஒன்றிரண்டு பாடங்களைத்தான் புதிய கல்லூரியில் ஏற்றுக்கொள்கிறார்கள். தீப்பொறி பட்டு உங்கள் கையெல்லாம் வடு. அந்தக் கையால் உழைத்து அனுப்பிய வருடம் அல்லவா அது? அதை எப்படித் திருப்பித் தருவது என்று எனக்குத் தெரியவில்லை. ரமணிக்கு வேறு நான் விட்டுப் போகிறேன் என்று கோபம். ஆனாலும் நேற்று நான் அறையை விட்டுக் கிளம்பும்போது துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துத் தந்தாள். அம்மாவிடம் சொன்னேன். இடியப்பம் பிழிந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்பாவிடம் நீயே சொல்லு என்றார்.

கோயிலிலும் நானே சொல்லிக்கொள்கிறேன். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரும்போது யாராவது கேட்டால் தலை குனிய வேண்டாம். என்னைக் கை காட்டிவிடுங்கள்.

இதைப் படித்ததும் போன் செய்வீர்கள். கோபம் வந்தால் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து 'ஓகே லா' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் உங்களுக்கு மனமில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். மனம் ஆறிவிட்டது என்றால் அதை வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டாம். நான் ஸ்கூல் போன காலத்தில் கேட்பீர்களே, அதே மாதிரி, "சாப்பிட்டியா பெர்னிஸ்?" என்று கேளுங்கள் அப்பா.

போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

உங்கள் ஆசீர் வேண்டும் மகள்,
பெர்னிஸ்