பத்து மாத விரதம்

கீரமங்கலம்
4-11-2024

மகன் வெற்றிசெல்வனுக்கு அம்மா எழுதுவது.

போனில் பேசினால் பேத்தி இசைவாணி காதில் விழுகிறது. அதனால் லீவு முடிந்து கத்தார் வருகிற சூசைராஜிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

பொங்கல் கழிந்து உன் மகள், பத்தாவது பரீட்சைக்காக மாரியம்மனுக்கு வெள்ளிக்கிழமை விரதம் என்றாள். பிறகு செவ்வாயும் சேர்ந்தது. பரீட்சை முடிந்தும் விரதம் முடியவில்லை. எந்நாளும் ஒரு வேளைச் சோறுதான். "எம்புட்டு பக்தி பாருங்க" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டது நான்தான்.

ஆடியில் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். ரஞ்சிதா டீச்சர் வீடு தேடி வந்து, "ஆஸ்பத்திரியில காட்டுங்கம்மா" என்றார். "எங்க வீட்டுச் சாமி காரியத்துல ஒங்களுக்கென்ன வேலை" என்று அனுப்பிவிட்டேன்.

போன வாரம்தான் புதுக்கோட்டையில் மனநல டாக்டரம்மாவிடம் காட்டினோம். குண்டாகிவிடுவோம் என்று பயந்து சோற்றை ஒதுக்குகிற நோயாம். "ஆரம்பத்துலயே வந்திருந்தா சுலபமா இருந்திருக்கும். பத்து மாசம் ஊறிப்போச்சு. குணமாகும், நாளாகும், விடாம வரணும்" என்றார்.

அந்தப் பத்து மாதம் என் பெருமையில் போனது.

அம்மா
அமுதவல்லி

தோகா
21-11-2024

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மனநல டாக்டர் என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்? நீங்கள் சொன்னால் கேட்பாள். வீட்டிலேயே வைத்துப் பக்குவமாகச் சோறு ஊட்டுங்கள். தேவிப்ரியாவிடமும் சொல்லிவிட்டேன், இனி ஆஸ்பத்திரி வேண்டாம்.

மகன்
வெற்றிசெல்வன்

கீரமங்கலம்
20-12-2024

வெற்றி,

உன் கடிதத்தை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். உன் பெண்டாட்டி தேவிப்ரியா தயங்குகிறாள். அதனால் வியாழக்கிழமை தோறும் நானே பிள்ளையைக் கூட்டிப் போகிறேன்.

இசைவாணியிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, விரதம் என்று பீற்றின வீடுகளுக்கெல்லாம் போய் நோய் என்று சொல்லிவிட்டேன். சந்தனமேரி மட்டும் "பிள்ளைக்குக் கிறுக்கா?" என்றாள். "கிறுக்கு எனக்குத்தான்டி, பத்து மாசமா" என்றேன். டீச்சரிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி போட்டுக் கொடுத்தார்.

ஒருநாள் இசைவாணி தட்டைத் தள்ளி, "அப்ப எல்லார்ட்டயும் பெருமையா சொன்னீங்கள்ல அப்பத்தா" என்று அழுதாள். "ஆமா, நான்தான் சொன்னேன். இப்ப ஒக்காந்திருக்கதும் நான்தான்" என்றேன். அவள் வாயில் வைக்கும் வரை நானும் வைக்கவில்லை. இட்லி ஆறிப்போய்த்தான் தின்றோம்.

போன மாதம் இரண்டு இட்லியில் அரைதான் இறங்கியது. நேற்று அரைதான் மிச்சம். இன்றைக்கு மறுபடி ஒன்றோடு நின்றுவிட்டாள். அப்படித்தான் போகுமாம்.

பொங்கலுக்கு வா. வந்ததும் "ஏன் மெலிஞ்சுட்ட" என்று கேட்காதே. தட்டை எட்டிப் பார்க்காதே. பக்கத்தில் உட்கார்ந்து நீயும் சாப்பிடு.

நீ வந்தாலும் வராவிட்டாலும், வியாழக்கிழமை காலையில் நாங்கள் புதுக்கோட்டை பஸ்ஸில் இருப்போம்.

அம்மா
அமுதவல்லி