மாதாவுக்குப் போட்ட வெள்ளி வயிறு

நேற்றுக் காலை துடைப்பதற்காக மாதா சுரூபத்தை எடுத்தேன். பின்னால் ஒரு பழைய டப்பா. உள்ளே வலி மாத்திரையின் காலி அட்டைகள், மருந்துக்கடைச் சீட்டுகள். முதல் சீட்டு போன வருஷம் மார்ச்சில், தவக்காலத்தில் வாங்கியது. உன்னை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்ததோ ஜூலையில். நான்கு மாதம் வலியை விழுங்கிக்கொண்டு என் எதிரில் நின்று தோசை வார்த்திருக்கிறாய். நீ போய் ஒரு வருஷமாகி, உன் நினைவுப் பூசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது எனக்குத் தெரிகிறது. ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. உன்னைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவேன்?

அதற்கு முந்தின வருஷம் உன் வயிற்றுக் கட்டியை எடுத்த டாக்டர் என்ன சொன்னார்? “மூணு மாசம் கழிச்சு ஸ்கேன் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்மா.” தையல் பிரித்த வாரமே மந்தைவெளியில் பஸ் ஏறி, கடற்கரை மாதா கோயிலுக்குப் போய், வயிறு உருவம் அடித்த வெள்ளித் தகட்டைக் காணிக்கை போட்டுவிட்டு வந்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமையே நம் பங்குக் கோயிலில் நன்றிப் பூசை. பூரண சுகம் கிடைத்ததற்கு நன்றியாக என்று மைக்கில் உன் பெயரை வாசித்தார்கள்.

“ரிப்போர்ட் வராம இன்னா அவசரம்?” என்று முணுமுணுத்தேன்.

“கெடைக்கறதுக்கு முன்னாடியே நன்றி சொல்றதுதாங்க விசுவாசம்” என்று சிரித்தாய். வாசலில் எல்லாரும் உன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு அவர்களுக்குக் கேக் நீட்டினேன். ஸ்கேன் நாள் வந்தபோது, பரீட்சைப் பேப்பர் திருத்தணும், லீவுல பாத்துக்கலாம் என்றாய். டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

உன் கடைசி வாரத்தில், மூச்சு வாங்க வாங்க ஒன்று சொன்னாய். “நன்றி சொல்லிட்டு மறுபடியும் போய்க் கேட்டா, மாதாவுக்கு அவமானங்க.” ஏதோ பிதற்றுகிறாய் என்று நெற்றியைத் தடவிக்கொடுத்தேன். நேற்றுத்தான் புரிந்தது. ஊரறிய நன்றி சொல்லிவிட்டோம், இனி வலிக்கக்கூடாது என்று உன் உடம்புக்கே தடை போட்டிருக்கிறாய். மாதாவின் மானத்தைக் காப்பாற்ற உன்னை யார் கூப்பிட்டார்கள்? என்னை நினைத்துப் பார்த்தாயா?

நேற்று மாலை நம் தெரு அன்பிய ஜெபக் கூட்டம், அதே பத்து வீட்டுக்காரர்கள், அதே பாட்டு. நடத்துகிறவர் என் பக்கம் திரும்பி, “டீச்சரோட வாழ்க்கைக்காக நீங்க ஒரு நன்றி சொல்லுங்கண்ணே” என்றார். டப்பாவைத் திறந்து ஜெபமேசையில் கொட்டினேன்.

“சொல்ல மாட்டேன். நாலு மாசம் அவ துடிச்சிருக்கா. அவ சுகமாயிட்டான்னு கைதட்டினோமே, அப்புறம் எப்படி இருக்கேன்னு நம்மள்ல ஒருத்தராவது கேட்டோமா? நானும் கேக்கல.”

நடத்துகிறவர் அவசரமாக அடுத்த பாட்டை ஆரம்பித்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

படியிறங்கும்போது பின்னாலேயே ஓடிவந்தாள் எதிர்வீட்டு ஸ்டெல்லா. கழுத்துக் கட்டி கரைந்துவிட்டது என்று போன மாதம் நன்றிப் பூசை வைத்தாளே, அவள்தான். கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள்.

“அங்கிள், திரும்பவும் வந்துகீது. வீட்ல கூட சொல்லல. எந்த மூஞ்ச வெச்சிக்கினு சொல்றது?”

இன்று காலை அவளை ஆட்டோவில் ஏற்றிச் சைதாப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தேன். அவள் உள்ளே போயிருந்தபோது இந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் உனக்கு எழுத ஆரம்பித்தேன். ஆண்டவரோடு எனக்கு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. உன் மேல் உள்ள கோபமும் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை.

இப்போதுதான் வெளியே வந்தாள். சதையெடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். “ஆண்டவருக்கு நன்றி அங்கிள், ஒண்ணும் இருக்காது” என்று கையைக் கூப்பினாள்.

“வாய மூடு. ரிப்போர்ட் வரட்டும். அதுவரைக்கும் வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு” என்று கத்திவிட்டேன். வராண்டாவே திரும்பிப் பார்த்தது.

உன்னிடம் போட்டிருக்க வேண்டிய சத்தம் அது. நீ உயிரோடு என் எதிரில் நின்றபோது எனக்கு அது வரவில்லை.