பல்கனி வரைக்கும் மலையேற்றம்

மிதுனாவின் அப்பாவுக்குத் தவமலர் வணக்கம் சொல்லி எழுதுவது. போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, அதனால்தான் கடிதம். இங்கே வெள்ளவத்தையில் நான் சுகம். உங்கள் முதுகுப்பிடிப்பும் கறுப்பி மாடும் எப்படி? இரண்டு பேரில் யார் கூடுதலாகக் கத்துகிறீர்கள் என்று மிதுனாவை எழுதச் சொல்லுங்கள்.

நான் பார்த்துக்கொள்ளும் சாம்பவி ரீச்சருக்கு முழங்கால் ஒபரேசன் செய்து ஒரு மாதமாகிறது. எதையும் பிடிக்காமல் பல்கனி வரை நடந்துவிட்டால் நான் ஊருக்குப் போகலாம் என்று அவரின் மகன் சொல்லியிருக்கிறார். ஆகவே நாங்கள் தினமும் காலையில் சிவனொளிபாத மலை ஏறுகிறோம். கட்டில்தான் அடிவாரம், சாப்பாட்டு மேசை தேத்தண்ணிக் கடை. ரீச்சர் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொள்வார். நான் தண்ணீர்ப் போத்தலுடன் பின்னால் போவேன்.

நேற்று எதையும் பிடிக்காமல் பல்கனிக் கதவு வரை வந்துவிட்டார். இன்னும் ஒரு எட்டுத்தான் இருந்தது.

"ஏன் ரீச்சர் நிண்டிட்டியள்? உச்சி வந்திட்டுது."

"மேல சரியான குளிர், தவமலர். நாளைக்குப் பாப்பம்."

கொழும்பு வெயிலில் குளிராம். நான் போய்விடுவேன் என்றுதான் அந்தக் குளிர். கையைக் கொடுத்துக் கட்டிலுக்குக் கூட்டிவந்தேன்.

ஆகவே இந்த மாதமும் வரமாட்டேன் போலிருக்கிறது. யாழ்ப்பாண பஸ்ஸில் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். அதை நீங்கள் இடுப்பில் கட்டிய பழைய சாரம் ஒன்றில் சுற்றி அனுப்புங்கள், தோய்க்க வேண்டாம். என் தலையணைக்கு உறை இல்லை.

ரீச்சர் கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன்.

தவமலர்