காற்றில்லாத நிலாவும் உன் இரும்புக் கட்டிலும்

என்னோடு ஒரு வார்த்தை பேசாமலே கண்ணை மூடிவிட்ட என் அண்ணனுக்கு,

சங்கரன்கோவிலில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. தறிக்கூடத்தை உன் மகன் பார்த்துக்கொள்கிறான். அவனும் காதில் பஞ்சு வைப்பதில்லை, சொன்னால் சிரிக்கிறான். மதினி என்னைக் கண்டால் தலையை அசைக்கிறாள், அவ்வளவுதான்.

நேற்று டீக்கடையில் மாடசாமி போனை நீட்டினான். நிலாவில் ஏதோ ஒரு கல் மோதி, ஒரு கணம் வெளிச்சம் தெரிகிற வீடியோ. "சாரே, இதுக்காவது சத்தம் உண்டா? இல்ல, இதுவும் ஊமைதானா?" என்றான். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அதே பெஞ்சில்தான் நான் பாடம் நடத்தினேன். நிலாவில் காற்று இல்லை, அதனால் என்ன மோதினாலும் கேட்காது என்று. தறி உன் காதை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. நீ என் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொண்டாய்.

"அதெப்படிலே? தறி ஓடும்போது நான் காதாலயா கேக்கேன்? தறிச் சட்டத்துல உள்ளங்கைய வச்சா, குறுக்க ஓடுத நாடா எங்கன தட்டுதுன்னு தெரியுது. நிலாவுல தரை இருக்குல்லா?"

சரிதான் அண்ணே என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். மனிதர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த கருவிகள், ஏதாவது மோதியபோதெல்லாம் நிலம் நெடுநேரம் அதிர்ந்ததைப் பதிவு செய்திருக்கின்றன. காற்றில் வராதது தரை வழியே வரும். கல்லூரியிலேயே படித்தது. ஆனால் எட்டாம் வகுப்போடு நின்றவன், இயற்பியல் வாத்தியாரை நாலு பேர் முன்னால் மடக்குவதா?

"ஒனக்குக் காதுப் பக்கத்துல வெடி போட்டாலே கேக்காது. நிலாவுல விழுத கல்லு மட்டும் கேட்டுருமாக்கும்!"

கடை முழுக்கச் சிரித்தது. நீ கடைசி எழுத்து வரை என் உதட்டைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாய்.

தப்பு என்னுடையதுதான். ஆனால் ஒரு பேச்சுக்கு ஒன்பது வருடமா அண்ணே?

உன்னைக் கூப்பிட வேண்டுமென்றால் மதினி கட்டில் காலை ஒரு தட்டுத் தட்டுவாள்; நீ திரும்பிப் பார்ப்பாய். உன் வீட்டில் அதுதான் வழக்கம். என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க நான் வந்த அன்று, நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். குனிந்து தட்டினேன். இன்னொரு முறை தட்டினேன்.

"அசந்து தூங்குதாவ, வச்சிட்டுப் போங்க" என்றாள் மதினி.

மூன்றாவது முறை தட்டியபோது உன் கால் விரல்கள் மடங்கின. பார்த்தேன்.

உனக்குக் கேட்டது. நீ சொன்ன அதே முறையில், இரும்பு வழியாகக் கேட்டது. நீ திரும்பி என் வாயைப் பார்த்தால்தானே நான் மன்னிப்புக் கேட்க முடியும்? அது தெரிந்துதானே நீ சுவரைப் பார்த்தே படுத்திருந்தாய்? என்னை அவமானப்படுத்த இதைவிட நல்ல வழியைப் படித்தவனால்கூடக் கண்டுபிடித்திருக்க முடியாது.

நாளைக் காலை டீக்கடைக்குப் போவேன். எங்க அண்ணன் சொன்னதுதான் சரி, தெரிந்துகொண்டேதான் அவனைச் செவிடன் என்று கேலி செய்தேன் என்று மாடசாமியிடமும் பெஞ்சில் இருக்கிற எல்லாரிடமும் சொல்வேன். இது சத்தியம். ஆனால் நீ சுவரைப் பார்த்துக் கிடந்ததை நான் மன்னிக்கவில்லை. அதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

மூன்று முறை தட்டிவிட்டுத் திரும்பிப்போன,
உன் கூடப்பிறந்த ஒரே தம்பி